சுங்கானும் சிகரெட்டும்

எங்கள் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பைப் பிடிப்பார். மதிய வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போவார். தோல்பையிலிருந்து புகையிலையைக் கிள்ளி எடுத்து, அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் கிண்ணத்தில் திணிப்பார். தீக்குச்சியைக் கிழித்துக் கிண்ணத்தின் வாயைச் சுற்றி வட்டமாகக் காட்டுவார். மேல்மட்டம் கருகிப் பொங்கி எழும். அதைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. அதற்கே ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதே நிழலில் வந்து நின்ற ஆய்வக உதவியாளர் அதற்குள் ஒரு சிகரெட்டை முடித்து, காலால் நசுக்கிவிட்டு, உள்ளே போயிருப்பார்.

"அவன் ஊதறது வெஷம்ப்பா. இது நெஞ்சுக்குள்ளயே போகாது" என்பார் பேராசிரியர். நாங்களும் நம்பினோம். பழைய தமிழ்ப் படங்களில் பட்டு அங்கியோடு மாடிப்படி இறங்கி வரும் பணக்கார அப்பாவின் வாயில் பைப்தான் இருக்கும். சிகரெட் அடியாளுக்கு. நல்ல பெயர் என்பது இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

பைப்புக்குத் தமிழில் சுங்கான் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. சிகரெட்டுக்கு அப்படி ஒரு பெயர் ஒட்டவே இல்லை. வெண்சுருட்டு என்றால் கடைக்காரருக்குப் புரியாது. ஒரே இலையை எரிக்கும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிகிறது. அந்தப் பாதி எது என்பதில்தான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

முதலில் புகையைப் பார்ப்போம். சிகரெட்டில் பெரும்பங்கு வர்ஜீனியா வகைப் புகையிலை. அதைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, இரும்புக் குழாய் வழியே வெப்பம் ஏற்றி, ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவார்கள். வேகமாக உலர்வதால் இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. சர்க்கரை மிகுந்த இலை எரிந்தால் வரும் புகையில் சற்று அமிலத்தன்மை இருக்கும். அமிலப் புகையிலுள்ள நிகோடின் வாய்த்தோல் வழியாக எளிதில் இரத்தத்தில் சேராது. நுரையீரல் வரை இழுத்தால்தான் சேரும். அமிலப் புகை தொண்டையை அதிகம் உறுத்தாது என்பதால் இழுக்கவும் முடிகிறது. சிகரெட்டின் வெற்றி முழுவதும் இந்தச் சூட்சுமத்தில் இருக்கிறது.

பைப்புக்கும் சுருட்டுக்கும் போகும் இலையில் பெரும்பகுதி நிழலில் காற்றாடப் பல வாரம் தொங்கி உலர்ந்தது. அதற்குள் சர்க்கரை கரைந்துபோகிறது. அந்த இலையின் புகையில் காரத்தன்மை தூக்கலாக இருக்கும். காரப் புகையிலுள்ள நிகோடின் கன்னத்தின் உட்புறம் பட்டாலே இரத்தத்தில் இறங்கிவிடும். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய தேவையில்லை. இழுத்தால் இருமல் கொல்லும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வேதியியல் வகுப்பு வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டி சுண்ணாம்பைக் கூட்டிக் குறைத்து 'ஏறுதா' என்று பார்ப்பாளே, அதே வேலைதான். சுண்ணாம்பின் காரம் நிகோடினை விடுவித்துக் கன்னத்துக்குள் தள்ளுகிறது.

ஆக, சிகரெட்காரர் மூச்சால் நிகோடினை எடுக்கிறார்; பைப்காரர் வாயால் எடுக்கிறார். ஒரு பைப் கிண்ணத்தில் ஒன்றிலிருந்து மூன்று கிராம் புகையிலை பிடிக்கும். சிகரெட் ஒன்றில் ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் அந்தக் கிண்ணத்தை முக்கால் மணி நேரம் வைத்திருந்து, வாயளவில் புகையைச் சுழற்றி, வெளியே விட்டுவிடுகிறார் பைப்காரர். பேராசிரியர் சொன்ன 'நெஞ்சுக்குள்ள போகாது' இதுதான். எல்லாப் பைப்புக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைப் கலவைகளில் வர்ஜீனியாவும் கலந்திருக்கும். அந்தப் புகை மென்மையானது. அதை உள்ளே இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பைப்புக்கு மருத்துவ உலகிலேயே ஒரு நற்சான்றிதழ் கிடைத்த காலமும் உண்டு. 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, சிகரெட்டை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று கூண்டில் ஏற்றியது. அதே அறிக்கை பைப்பை ஏறக்குறைய விடுதலை செய்தது. நாளுக்குப் பத்துக் கிண்ணம் பிடிப்பவர்கள், முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தவர்கள் ஆகியோரிடையேகூட இறப்பு விகிதம் புகைக்காதவர்களைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்றது. உதட்டுப் புற்றுநோய் ஒன்றைத்தான் பைப்பின் தலையில் உறுதியாக வைத்தது. உதட்டுச் சங்கதி புதிதும் இல்லை. ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795லேயே அதைக் கவனித்துச் சொல்லியிருந்தார்.

அறிக்கை வந்த ஆண்டே அமெரிக்காவில் பைப் புகையிலை விற்பனை எகிறியது. சிகரெட்டைக் கைவிட விரும்பியவர்களுக்கு அரசு அறிக்கையே ஒரு மாற்று வழியைக் காட்டிவிட்டது போலாயிற்று. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் எண்ணப்பட்டவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலர் இளமையிலிருந்தே பைப்பை மட்டும் பிடித்தவர்கள். புகையை உள்ளே இழுக்கக் கற்றுக்கொள்ளாதவர்கள். அவர்களுடைய ஆயுளைப் பார்த்துவிட்டுப் பைப்பை வாங்கியவர்களோ இருபது வருடம் சிகரெட் இழுத்தவர்கள். இந்த வேறுபாடு பிறகு என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

இப்போது எண்கள். இதில் சற்று நிற்க வேண்டும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982இல் பன்னிரண்டு லட்சம் பேரைச் சேர்த்துப் பெரிய கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. அதிலிருந்து 1,38,307 ஆண்களைத் தனியே பிரித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 15,263 பேர் வாழ்நாளில் பைப்பை மட்டுமே பிடித்தவர்கள். மற்றவர்கள் எதையும் பிடிக்காதவர்கள். பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 23,589 பேர் இறந்தார்கள். புகைக்காதவரை 1 என்று வைத்தால், அப்போது பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 5 மடங்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 3 மடங்கு. வாய்-தொண்டைப் புற்றுநோய்க்கு 3.9. உணவுக்குழாய்க்கு 2.4. மாரடைப்பு வகை இதயநோய்க்கு 1.3. குரல்வளைப் புற்றுநோய்க்கு 13.

அதே கணக்கெடுப்பின் முதல் ஆறு ஆண்டுகளில் சிகரெட் பிடித்த ஆண்களுக்குக் கிடைத்த எண்களை எதிரே வைத்துப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் 23. அடைப்பு நோய் 10க்கு மேல். உதடு, வாய், தொண்டை சேர்த்துக் கிட்டத்தட்ட 11. உணவுக்குழாய் 6.8. குரல்வளை 14.6.

இந்த இரு வரிசைகளையும் முதன்முறை பார்த்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, 'பைப் நோயை நெஞ்சிலிருந்து வாய்க்கு மாற்றுகிறது' என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. வாயிலும் சிகரெட்தான் அதிகம் கெடுக்கிறது. பைப் எதையும் மாற்றவில்லை, பெரும்பாலான இடங்களில் குறைக்கிறது. இரண்டாவது, அந்தக் குறைப்பு குரல்வளையில் நின்றுவிடுகிறது. அங்கே பதிமூன்றுக்கும் பதினாலரைக்கும் இடையில் வேறுபாடு என்று பெயருக்குத்தான் ஏதோ இருக்கிறது. புகை நுரையீரலுக்குள் போகாவிட்டாலும் வாசல்வரை வந்துதான் திரும்புகிறது. அந்த வாசல் குரல்வளை.

மடங்குக் கணக்கில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். குரல்வளைப் புற்றுநோய் அரிது. அரிதானதைப் பதிமூன்றால் பெருக்கினாலும் தொகை சிறியதுதான். இதயநோய் ஊரெல்லாம் இருப்பது, அதை 1.3 ஆல் பெருக்கினாலே பிணங்கள் கூடிவிடும். பைப்காரரின் நெஞ்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது அந்தச் சிறிய எண்ணைப் பார்த்துத்தான்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. நாளுக்கு எத்தனை கிண்ணம், எத்தனை வருடம், எவ்வளவு ஆழமாக இழுக்கிறார் என்பவை ஒவ்வொன்றும் கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பும் கூடியது. நிறுத்தி வருடங்கள் ஆக ஆகக் குறைந்தது. முப்பது ஆண்டு பிடித்தாலும் ஒன்றுமில்லை என்ற 1964இன் ஆறுதல் இங்கே உடைகிறது.

உடம்பில் நீண்டகாலப் பைப் விட்டுச்செல்லும் அடையாளங்கள் சிகரெட்டின் அடையாளங்களைப்போல் இருப்பதில்லை. சிகரெட்காரரின் விரல் மஞ்சளாகும். பைப்காரரின் விரல் சுத்தமாக இருக்கும். வாயைத் திறந்து மேலே பார்க்க வேண்டும். பல்லாண்டுச் சூட்டில் மேலண்ணத்தின் தோல் வெளுத்துத் தடித்துப்போயிருக்கும். அந்த வெண்பரப்பில் ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள். அவை வீங்கிய சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். வெயிலில் வெடித்த களிமண் தரையில் குங்குமம் தெளித்தது போலிருக்கும். பைப்பை நிறுத்தினால் சில வாரங்களில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆந்திரக் கடற்கரையில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களிடம் இதே அண்ணம் கொடிய வடிவில் வெந்து, புற்றாகவும் மாறுவதை மருத்துவர்கள் பதிந்திருக்கிறார்கள். அங்கே சூட்டின் அளவே வேறு.

பல்லும் சாட்சி சொல்லும். மண் சுங்கான் பிடித்த பழைய லண்டன்வாசிகளின் எலும்புக்கூடுகளை இடுகாடுகளில் தோண்டி எடுத்தபோது, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தில் அழகான வட்டத் துளை தெரிந்தது. வாயை மூடினாலும் அந்த வட்டம் திறந்தே இருக்கும். பல வருடம் ஒரே இடத்தில் கடித்த மண்தண்டு பல்லைத் தேய்த்து உண்டாக்கியது. ஆண், பெண், ஏழைத் தொழிலாளி எல்லாரிடமும் இது காணக் கிடைக்கிறது. பைப் என்பது கனவான்களின் அணிகலன் என்பது பின்னால் வந்த கதை.

கனவான்கள் பற்றியே பேசுவோம், ஏனென்றால் பைப்புக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உடனே இரண்டு பெயரைச் சொல்வார்கள்: ஐன்ஸ்டைன், தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். ரஸ்ஸலின் கதை உண்மையிலேயே சுவையானது. 1948 அக்டோபரில் அவர் நார்வேயில் ஒரு கடல்விமானத்தில் பயணம் செய்தார். புகைக்கலாம் என்ற பகுதியில்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாகப் பின்னால் போய் உட்கார்ந்தார். டிரான்ட்ஹைம் அருகே தண்ணீரில் இறங்கும்போது விமானம் கவிழ்ந்தது. முன்னால் இருந்த, புகைக்கக் கூடாத பகுதியில் உட்கார்ந்திருந்த 19 பேரும் இறந்தார்கள். எழுபத்தாறு வயது ரஸ்ஸல் குளிர்நீரில் நீந்தித் தப்பினார். அதன்பிறகும் இருபத்தோரு வருடம் பைப்போடு வாழ்ந்து, 1970இல் 97 வயதில் காய்ச்சலில் இறந்தார்.

அதே 1948ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து பார்த்தார் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன். வயிற்றுப் பெருந்தமனி பலூன் போல் உப்பியிருந்தது. அன்றைக்கு இருந்த வழிகளில் ஒன்றாக அதைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டார். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. ஐன்ஸ்டைனுக்கும் அப்போது வயது எழுபத்தாறு. பெருந்தமனி இப்படி உப்புவதற்கு, மனிதர் தவிர்க்கக்கூடிய காரணங்களில் முதலிடம் புகைபிடித்தலுக்கு என்பது இன்றைய மருத்துவம். அவருடைய குறிப்பிட்ட தமனியைப் பைப்தான் உப்பவைத்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ரஸ்ஸலின் தொண்ணூற்றேழைப் பைப்தான் தந்தது என்றும் சத்தியம் செய்ய முடியாது. ஒரே பழக்கம், இரண்டு முடிவு. தனி மனிதரை வைத்துப் பைப்பை எடைபோடுவதில் இருக்கும் அபத்தம் இதைவிடத் தெளிவாகத் தெரியாது. ஐன்ஸ்டைனின் பைப் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாயில் வைக்கும் முனை கடித்துக் கடித்து ஓட்டையாகியிருக்கிறது.

சிகரெட்டிலிருந்து பைப்புக்குத் தாவியவர்களுக்கு என்ன ஆயிற்று? என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். லண்டனில் 1975 முதல் 1982 வரை உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 64 வயதுள்ள 21,520 ஆண்களை வைத்து வால்ட், வாட் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். 1997இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அது வந்தது. சிகரெட்டை இருபது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டுப் பைப்புக்கோ சுருட்டுக்கோ மாறியவர்களை ஒரு பக்கம் வைத்தார்கள். சிகரெட்டைத் தொடாமல் பைப்போ சுருட்டோ மட்டும் பிடித்தவர்களை மறுபக்கம் வைத்தார்கள். இரு தரப்பும் நாளுக்குப் பிடித்த புகையிலை ஒரே அளவு: 8.1 கிராம். ஆனால் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய அளவு மாறியவர்களிடம் 1.2 சதவீதம், மாறாதவர்களிடம் 1.0 சதவீதம். கருவி மாறியும் இழுப்பு மாறவில்லை. இருபது வருடம் கழித்தும் அவர்களுடைய நெஞ்சு சிகரெட்டை மறக்கவில்லை.

அதன் விலை: நுரையீரல் புற்றுநோய், இதயநோய், நுரையீரல் அடைப்பு நோய் என்ற மூன்றாலும் மாறியவர்கள் இறக்கும் வாய்ப்பு, பைப்பில் பிறந்து பைப்பிலேயே இருந்தவர்களைவிட 51 சதவீதம் அதிகம். புகையே தொடாதவர்களைவிட 68 சதவீதம் அதிகம். சிகரெட்டைத் தொடர்ந்தவர்களைவிட 46 சதவீதம் குறைவு. இந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, லாபம்தானே' என்று வாதாடலாம். வாதம் தப்பில்லை. பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: அதே காலத்தில் சிகரெட்டை விட்டு வேறெதற்கும் மாறாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் மாறியவர்களுக்கு 57 சதவீதம் அதிகம்.

நார்வேக்காரர்கள் இதைவிடக் கடுமையான முடிவுக்கு வந்தார்கள். 1970களின் நடுவில் பரிசோதித்த ஆண்களை 2007 வரை தொடர்ந்து பார்த்து, 2011இல் வெளியிட்ட ஆய்வு பைப்பை சிகரெட்டைவிடப் பாதுகாப்பானதென்று ஏற்கவே மறுத்தது. அமெரிக்க எண்களோடு இது முழுதாகப் பொருந்தவில்லை. யார் என்ன இலையை எப்படி இழுத்தார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும்போது பைப்பின் கெடுதலும் மாறும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சிகரெட் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுக்கப்படுகிறது. பைப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கிறார்கள்.

'பைப் புகையிலை' என்ற பெயரே எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கும் ஒரு அமெரிக்கக் கதை உண்டு. 2009இல் அங்கே கையால் சுருட்டும் சிகரெட் புகையிலைக்குக் கூட்டரசு வரி பவுண்டுக்கு 24.78 டாலராக ஏறியது. பைப் புகையிலைக்கு 2.83 டாலர்தான். சில மாதங்களில் கடைகளில் பைப் புகையிலை மலைபோலக் குவிந்தது. பைப்காரர்கள் திடீரென்று பெருகிவிடவில்லை. நேற்றுவரை சிகரெட் சுருட்ட விற்ற அதே தூள், உறையில் 'பைப்' என்ற எழுத்தோடு வந்தது. வாங்கியவர்கள் அதைத் தாளில் சுருட்டி நெஞ்சு நிறைய இழுத்தார்கள்.

எங்கள் பேராசிரியருக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற சில வருடங்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது. தொண்டையில் என்னவோ எடுத்திருந்தார்கள்; அவர் விவரம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பைப் மேசைமேல் காலியாகக் கிடந்தது. "ஆய்வக உதவியாளர் எப்படி இருக்கார் சார்?" என்று கேட்டேன். அவர் சில வருடங்களுக்கு முன்பே, ஐம்பத்தெட்டு வயதில், மூச்சுத்திணறலில் போய்விட்டாராம்.

சிகரெட்டைக் குறைக்கிறேன் என்று ஒரு பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சிகரெட் பெட்டியின் மேலேயே, புகைப்பதை விடுவதற்கு உதவும் ஓர் இலவச எண் அச்சிட்டிருக்கிறது: 1800-11-2356.